தண்ணீர்த் தட்டும் ஒரு காய்ந்த குச்சியும்

அத்தியாயம் 6: வீட்டுத் தோட்டப் பறவைகளை நன்றாகப் படம் எடுப்பது

ராணிப்பேட்டை, வாலாஜா, ஆற்காடு பக்கத்து வீடுகளில் தோட்டம் என்றால் பெரும்பாலும் ஒரு முருங்கை, ஒரு கொய்யா, சுவரோரம் செம்பருத்தி, குளியலறைத் தண்ணீர் ஓடும் பக்கத்தில் நாலு வாழை. இவ்வளவு இருந்தாலே போதும். தேன்சிட்டு, சின்னான், தையல்சிட்டு, மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், செம்போத்து, குயில், புள்ளிப்புறா எல்லாம் வந்துபோகும். நவ்லாக் தென்னந்தோப்புகளை ஒட்டியோ, பெல் குடியிருப்பு மாதிரி மரம் அடர்ந்த இடத்திலோ வீடு இருந்தால் மரங்கொத்தியும் வால்காக்கையும் கூடுதல் வரவு.

பறவைகள் வருகின்றன, படம்தான் சரியாக வருவதில்லை. இலைகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி, பின்னால் துணி காயும் கொடி, மேலே வெளுத்துப்போன வானம். பெரிய லென்ஸ் வாங்கினால் இதெல்லாம் சரியாகும் என்று நினைத்துப் பலரும் பணத்தைக் கொட்டுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பறவை எங்கே உட்காரும், அப்போது வெயில் எந்தப் பக்கம் இருக்கும், பின்னால் என்ன தெரியும் என்ற மூன்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட வேண்டும். பறவையின் பின்னால் ஓடுகிறவருக்கு அதன் முதுகுப் படம்தான் கிடைக்கும்.

முதலில் தூரம்

சாதாரண டிஎஸ்எல்ஆர் அல்லது மிரர்லெஸ் கேமராவில் (ஏபிஎஸ்-சி சென்சார் உள்ளவை) 300 எம்எம் லென்ஸ் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பறவை 10 மீட்டர் தள்ளி இருந்தால், படத்துக்குள் முக்கால் மீட்டருக்கும் சற்றுக் கூடுதலான அகலம் வந்துவிடும். தேன்சிட்டின் நீளமோ வெறும் 10 செ.மீ. அதாவது படத்தில் எட்டில் ஒரு பங்குதான் பறவை. அதே லென்ஸ், அதே பறவை, 3 மீட்டர் தூரம் என்றால் படத்துக்குள் வரும் அகலம் சுமார் 23 செ.மீ. இப்போது தேன்சிட்டு கிட்டத்தட்டப் பாதிப் படத்தை நிரப்பும். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் கிடைக்கும் வித்தியாசம் இது.

ஆகவே 55-250 அல்லது 70-300 லென்ஸ் கையில் இருந்தால் தோட்டத்துக்கு அது போதும். 150-600 வகை லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரண்டரை மீட்டருக்கும் கிட்டே வரும் பறவையில் இந்த லென்சுகள் ஃபோகஸ் பிடிக்கத் திணறும். உங்கள் லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் என்ன என்று பார்த்துவிட்டு உட்காரும் இடத்தை முடிவு செய்யுங்கள்.

தண்ணீர்த் தட்டு வைப்பது

நம் பக்கம் வெயில் அப்படி. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கிறது. இந்த ஊரில் தானியத்தைவிடத் தண்ணீருக்குத்தான் பறவைகள் அதிகம் வரும். தானியத்துக்குப் புறாவும் சிட்டுக்குருவியும் மைனாவும்தான் வரும். பூச்சி தின்னும் தையல்சிட்டு, பழம் தின்னும் சின்னான், தேன் குடிக்கும் தேன்சிட்டு என எல்லாமே குடிக்கவோ குளிக்கவோ தட்டுக்கு வரும்.

1. அகலமான மண் தட்டு ஒன்று வாங்குங்கள். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டே போதும். ஆழம் 4 அல்லது 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். ஆழமான தட்டுதான் கிடைத்தது என்றால் உள்ளே இரண்டு மூன்று கூழாங்கல் போடுங்கள். சிறிய பறவை அதில் நின்றுதான் குளிக்கும்.

2. தரையில் வைக்காதீர்கள். இடுப்பு உயரத்துக்குச் செங்கல் அடுக்கியோ, பழைய ஸ்டூல் மேலோ வையுங்கள். பக்கத்துப் புதரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பூனை பதுங்கியிருந்து பாயும் தூரம் அது.

3. தட்டுக்கு மேலே மதியம் நிழல் விழ வேண்டும், காலையில் வெயில் விழ வேண்டும். அதனால் மரத்துக்குக் கிழக்குப் பக்கம் வைப்பது நல்லது.

4. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும். தினமும் கொட்டி மாற்றும் தட்டில் அது வளராது.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது என்பதை மற்ற ஊர்ப் புத்தகங்கள் சொல்லாது, நாம் சொல்லியாக வேண்டும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டது ஊரறிந்த விஷயம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பு சொன்னதே இதற்காகத்தான். சிப்காட்டில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் இன்னொரு கதை. உங்கள் வீட்டு போர் தண்ணீர் மஞ்சளித்தோ, வாயில் வைக்க முடியாத உப்பாகவோ இருந்தால் அதைப் பறவைக்கும் வைக்காதீர்கள். நீங்கள் குடிக்கும் தண்ணீரையே, அது கேன் தண்ணீராக இருந்தாலும், அரை லிட்டர் ஊற்றுங்கள். ஒரு தட்டுக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

ஒரு குறிப்பு: காக்காய்க்குச் சோறு வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் அதை மாடிச் சுவரிலேயே தொடருங்கள். பறவைத் தட்டைத் தோட்டத்தில் தனியாக வையுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் காக்கைகள் தட்டைப் பிடித்துக்கொள்ளும், சிறு பறவைகள் கிட்டே வராது. தானியம் வைப்பதாக இருந்தால் கம்பு, தினை, அரிசி நொய் வையுங்கள். மிக்சர், முறுக்குத் தூள், உப்புப் போட்ட சோறு எதுவும் வேண்டாம்.

குச்சி நடுவது

தட்டுக்கு நேரே இறங்கும் பறவை குறைவு. பக்கத்தில் ஒரு கிளையில் உட்கார்ந்து, இடமும் வலமும் பார்த்து, ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகே இறங்கும். அந்த ஐந்து பத்து விநாடிதான் உங்கள் படம். அது உட்காரும் கிளையை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

1. சுண்டுவிரல் பருமனுள்ள காய்ந்த கிளை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கொய்யா, மாதுளை, வேம்பு எதுவானாலும் சரி. பட்டையில் கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் படத்தில் அழகு. பிவிசி குழாய், கம்பி, துடைப்பக் குச்சி வேண்டாம்.

2. மண் நிரப்பிய பெயிண்ட் டப்பாவில் நட்டு, தட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். டப்பாவோடு நகர்த்தலாம் என்பது வசதி.

3. கிளை நேர் குறுக்காக வேண்டாம், கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும். நுனி உங்களை நோக்கி நீட்டாமல் பக்கவாட்டில் போக வேண்டும். 3 மீட்டர் தூரத்தில் 300 எம்எம் லென்ஸில் எஃப் 6.3 வைத்தால் கூர்மையாக வரும் ஆழம் இரண்டு மூன்று செ.மீ.தான். பக்கவாட்டில் உட்கார்ந்த பறவைதான் அலகிலிருந்து வால்வரை அதற்குள் அடங்கும்.

4. குச்சிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று லென்ஸ் வழியாகப் பாருங்கள். பின்புலம் குச்சியிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி இருந்தால் பச்சையாகக் கரைந்துவிடும். சின்ன இடம்தான், இரண்டு மீட்டரிலேயே காம்பவுண்டுச் சுவர் என்றால், சுவரின் மேல் பச்சை நிழல் வலையை இழுத்துக் கட்டுங்கள். நாற்றங்கால் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். தொய்வில்லாமல் கட்டுவது முக்கியம், தொய்ந்த வலையில் பறவையின் கால் மாட்டும்.

5. வைத்துவிட்டு நாலைந்து நாள் அதன் பக்கமே கேமராவோடு போகாதீர்கள். பறவைகள் பழகட்டும்.

உட்காரும் இடம்

ஜன்னலே நல்ல மறைவிடம். தட்டையும் குச்சியையும் ஜன்னலிலிருந்து 3 மீட்டரில் வரும்படி அமைத்தால், நாற்காலி போட்டு உள்ளே உட்கார்ந்து எடுக்கலாம். ஜன்னல் கம்பிக்கு உள்பக்கம் அதே நிழல் வலையைத் தொங்கவிட்டு, லென்ஸ் போகும் அளவுக்கு ஓர் ஓட்டை போடுங்கள். அறை விளக்கையும் மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். ஜன்னலே இல்லாத பக்கம் என்றால், மங்கிய நிறத்துப் பழைய நூல் புடவையை இரண்டு கழியில் கட்டி அதன் பின்னால் உட்காரலாம். சரிகையோ பாலியஸ்டர் மினுமினுப்போ இருக்கக் கூடாது, காற்றில் படபடக்கவும் கூடாது.

ஜன்னல் திண்டில் லென்ஸை வைக்க ஒரு பை வேண்டும். இதற்கு நம் ஊரைப் போல வசதி வேறெங்கும் இல்லை. ஷூ கம்பெனியில் அப்பர் வெட்டிய பிறகு மிஞ்சும் தோல் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும், அதைத் தைக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். ஒன்றரைச் சாண் நீளம், ஒரு சாண் அகலம், முக்கால் பாகம் நெல் நிரப்பி வாயைத் தைத்துவிட்டால் போதும். லென்ஸ் அதில் பதிந்து அசையாமல் உட்காரும். துணிப்பை போல இற்றுப்போகாமல் வருஷக்கணக்கில் வரும். முழுக்க நிரப்பாதீர்கள், இறுகிய பையில் லென்ஸ் உருளும்.

வெளிச்சமும் கானலும்

சூரியன் உதிப்பது ஜூனில் ஆறுக்கு முன்னால், ஜனவரியில் ஆறரைக்கு மேல். உதித்து அரை மணி கழித்து ஆரம்பிக்கும் ஒன்றரை மணி நேரம்தான் உங்கள் நேரம். வெயில் காலத்தில் எட்டு மணிக்கு மேல் நிழல்கள் கறுத்துவிடும், பறவையின் கண் குழிக்குள் மறைந்துவிடும். ஷூ கம்பெனி பஸ் பிடிக்கிறவர்களும் டேனரி ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களும் வேலைக்குக் கிளம்பும் முன் நாற்பது நிமிஷம் உட்கார்ந்தால்கூடப் போதும். மாலையில் நாலரைக்கு மேல் இன்னொரு வாய்ப்பு உண்டு. கோடையில் குளிக்க வரும் பறவைகள் அப்போதும் அதிகம்.

வெயில் உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வர வேண்டும். உங்கள் நிழல் குச்சியை நோக்கி நீண்டால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். நிழல் குச்சிமேலேயே விழுந்தால் கொஞ்சம் நகர வேண்டும்.

“ஃபோகஸ் எல்லாம் சரியாத்தான் வச்சேன், ஆனாலும் படம் கலங்கியிருக்கு” என்று பலர் கேமராவைச் சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பெரும்பாலும் குற்றம் கேமராவில் இல்லை. சிமெண்டு மாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தகரம், தார் ரோடு இவற்றுக்கு மேலே பத்து மணிக்கு மேல் காற்று சுட்டு நெளியும். அந்த நெளிவு வழியாக எடுத்த படம் எந்த லென்ஸிலும் கூர்மையாக வராது. சோதிக்க எளிய வழி: அதே பறவையை வேகமாகப் பத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடம் கலங்கியிருந்தால் அது கானல்தான். மாடியை விட்டு இறங்கி மண் தரையிலிருந்து, மரநிழல் வழியாக, கிட்டத்திலிருந்து எடுங்கள். வேறு மருந்து கிடையாது.

ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்காலம் இடி மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையைத் தவற விடாதீர்கள். இலையில் படிந்த தூசி கழுவிப்போய், வானமும் தெளிந்திருக்கும்.

கேமராவில் என்ன வைப்பது

பத்து நிமிஷத்தில் அமைத்துவிட்டு மறந்துவிடலாம்.

1. எம் முறையில் ஷட்டர் 1/1000, அபெர்ச்சர் லென்ஸின் மிகக் குறைந்த எண்ணுக்குப் பக்கத்தில் (எஃப் 5.6 அல்லது 6.3), ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு உச்ச வரம்பு 3200.

2. ஃபோகஸ் தொடர்முறையில் இருக்கட்டும். நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி என்றும் கேனானில் சர்வோ என்றும் இருக்கும்.

3. பழைய கேமரா என்றால் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துப் பறவையின் கண்ணில் பிடியுங்கள். புதிய மிரர்லெஸ்ஸில் பறவைக் கண் கண்டறியும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

4. தொடர்ந்து எடுக்கும் பர்ஸ்ட் முறை. ஆனால் மூன்று நான்காக விட்டுவிட்டு எடுங்கள். ஒரேயடியாக அழுத்திப் பிடித்தால் பஃபர் நிரம்பி, நல்ல தருணத்தில் கேமரா நின்றுபோகும்.

5. ரா கோப்பாகப் பதியுங்கள். வெயிலும் நிழலும் கலந்த தோட்டத்தில் பிறகு சரிசெய்ய அதுதான் இடம் கொடுக்கும்.

ஐஎஸ்ஓ 1600 என்றதும் பயப்பட வேண்டாம். கொஞ்சம் மணல் மணலாக வந்த படத்தைக் கம்ப்யூட்டரில் சரி செய்யலாம். அசைந்து கலங்கிய படத்தை யாராலும் மீட்க முடியாது.

கறுப்பும் வெள்ளையும்

கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சமாக்கப் பார்க்கும். கரிச்சானோ ஆண் குயிலோ படம் முழுக்க நிரம்பியிருந்தால் அதைச் சாம்பல் நிறமாக வெளுக்க வைத்துவிடும். அப்போது எக்ஸ்போஷர் சரிசெய்யும் சக்கரத்தில் அரை அளவு குறையுங்கள். அதே கரிச்சான் கரண்டு கம்பியில் வானத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தால் நேர்மாறு: ஒன்று முதல் ஒன்றரை வரை கூட்டுங்கள், இல்லாவிட்டால் வெறும் நிழலுருவம்தான் மிஞ்சும். கரும்பச்சை இலைகளுக்கு எதிரே நிற்கும் கொக்குக்கு ஒன்று குறையுங்கள். இறகின் கோடுகள் எரிந்து வெள்ளைத் தாளாகிவிட்டால் பிறகு திரும்ப வராது. எம் முறையில் ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருக்கும்வரை பெரும்பாலான கேமராக்களில் இந்தச் சக்கரம் வேலை செய்யும். உங்களுடையதில் செய்யாவிட்டால் எஸ் அல்லது டிவி முறைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

பயிற்சி: செம்பருத்தியில் தேன்சிட்டு

ஒரே பறவையை எடுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப எடுப்பதுதான் கை பழக நல்ல வழி. தேன்சிட்டு அதற்குத் தோதானது. எல்லாத் தெருவிலும் இருக்கிறது, வருஷம் முழுக்க இருக்கிறது, கிட்டவும் வரும்.

முதல் நாள் கேமரா வேண்டாம், பார்க்க மட்டும் செய்யுங்கள். ஆண் ஊதாத் தேன்சிட்டு முருங்கையின் உச்சியில் ஒரு காய்ந்த நுனியில் நின்று கத்தும். அங்கிருந்து செம்பருத்திக்கு வரும், பூ பூவாகப் போகும், பிறகு வாழைப்பூவுக்குப் போய்விட்டுத் திரும்பும். ஏறக்குறைய ஒரே பாதையில் சுற்றும். அந்தப் பாதையில் எந்தப் பூ உங்களுக்குக் கிட்டேயும் வெயிலிலும் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

செம்பருத்தியில் அது தேன் குடிப்பதை உற்றுப் பாருங்கள். பூவின் முன்பக்கம் வாயை விடுவது குறைவு. காம்பில் தொற்றிக்கொண்டு, பச்சைப் புல்லியின் ஓரமாக அலகை ஊசி போலச் செருகி, அடியில் துளை போட்டே குடித்துவிடும். அந்தச் சமயம் தலை ஓரிரு விநாடி அசையாது. அலகை வெளியே எடுத்ததும் தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்க்கும், நாக்கு நூல் மாதிரி வெளியே நீண்டு உள்ளே போவதும் சில சமயம் தெரியும். ஷட்டரை அழுத்த வேண்டியது அந்த நிமிர்வில்தான்.

1. குறித்துவைத்த பூவின் அடிக்காம்பில் முன்கூட்டியே ஃபோகஸ் பிடித்துவையுங்கள்.

2. பூவின் பக்கவாட்டில் உட்காருங்கள். நேர் முன்னால் உட்கார்ந்தால் இதழ்தான் தெரியும்.

3. வெயில் உங்கள் முதுகில் படட்டும். ஆண் தேன்சிட்டின் ஊதா மினுமினுப்பு சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் வருவது. கோணம் தவறினால் அதே பறவை கரியாகத் தெரியும். கழுத்தை உங்கள் பக்கம் திருப்பும்போது ஊதா, நீலம், பச்சை மாறி மாறிப் பளிச்சிடும்.

4. ஷட்டர் 1/1000 போதாமல் தலை கலங்கினால் 1/1600 வரை போங்கள்.

5. நாற்பது படம் எடுத்தால் ஒன்று தேறும் என்ற கணக்கோடு உட்காருங்கள்.

இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் தேன்சிட்டு பளபளப்பை இழந்து, மஞ்சள் வயிறும் தொண்டையிலிருந்து கீழே ஒரு கறுப்புப் பட்டையுமாக வேறு பறவை மாதிரி ஆகிவிடும். இந்தக் கோலத்தையும் எடுத்துவையுங்கள். எல்லாரிடமும் ஊதாப் படம் இருக்கும், இது இருக்காது.

போன் மட்டும்தான் இருக்கிறது என்றால்

தாராளமாக எடுக்கலாம். ஆனால் போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்குவதை விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் போனைத் தட்டுக்கு ஒரு மீட்டர் கிட்டே சின்ன முக்காலியில் நிறுத்தி, தட்டின் விளிம்பில் ஃபோகஸை அழுத்திப் பிடித்துப் பூட்டி, 4கே வீடியோ ஓடவிட்டு நீங்கள் உள்ளே போய்விடுங்கள். அரை மணி கழித்து எடுத்துப் பார்த்து, நல்ல ஃபிரேமைப் படமாகப் பிரித்துக்கொள்ளலாம். வெயிலில் போன் சூடேறி நின்றுவிடும், எனவே அது நிழலில் இருக்கட்டும்.

அடிக்கடி நேரும் தவறுகள்

நின்றபடி மேலிருந்து கீழாக எடுப்பது முதல் தவறு. தரையில் மேயும் மைனாவையும் தவிட்டுக்குருவியையும் எடுக்க வேண்டுமானால் நீங்களும் தரையில் உட்கார வேண்டும். லென்ஸ் பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கினால் படத்தின் தன்மையே மாறிவிடும்.

கேமராவைத் திடீரென்று தூக்குவது இன்னொன்று. பறவை வருமுன்பே கண்ணுக்குக் கிட்டே வைத்திருங்கள். பறவையை எப்போதும் படத்தின் நட்டநடுவில் வைப்பதையும் விடுங்கள், அது பார்க்கும் திசையில் கொஞ்சம் இடம் காட்டுங்கள். பளிச்சென்ற சிவப்பு, வெள்ளைச் சட்டை போட்டு உட்காராதீர்கள்.

போனில் பறவைக் குரலைப் போட்டு அழைப்பது எல்லாவற்றிலும் மோசமானது. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்து, குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தில் ஆண் பறவை இல்லாத எதிரியைத் தேடி அலையும். அப்படிக் கிடைக்கும் படம் நமக்கு வேண்டாம்.

பாதுகாப்பு: உங்களுக்கு

• லென்ஸ் வழியாகப் பார்த்தபடி மாடியில் ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி என்றால் ஏறவே வேண்டாம். கையெட்டும் தூரத்தில் மின்கம்பி போகும் வீடுகளில் ட்ரைபாடைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள்.

• அதிகாலையில் டார்ச்சும் மூடிய செருப்பும் இல்லாமல் தோட்டத்தில் இறங்காதீர்கள். செங்கல் அடுக்கில் தேள் இருக்கும், கட்டுவிரியன் இரவில் நடமாடும். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஓரிடத்தைச் சுற்றி விடாமல் கத்தினால் அங்கே பாம்போ பூனையோ வல்லூறோ இருக்கிறது என்று பொருள், அங்கே போகாதீர்கள். பாம்பு கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். அசையாமல் இருந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

• கேமராவின் கண்ணாடி வழியாகச் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். டிஎஸ்எல்ஆரில் கண் பார்வையே போகலாம்.

• பெரிய லென்ஸ் பக்கத்து வீட்டை நோக்கித் திரும்பினால் சண்டை வரும், அது நியாயமும்கூட. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: “அக்கா, காலையில முருங்கமரத்துல குருவி படம் எடுக்கிறேன். கேமரா உங்க பக்கம் திரும்பின மாதிரி இருக்கும், தப்பா நினைச்சுக்காதீங்க.” அடுத்த நாள் எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

• அரக்கோணம் பக்கம் இருப்பவர்கள் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படை விமானதள வேலியோரம் கேமராவையே எடுக்கக் கூடாது. அம்மூர் காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

பாதுகாப்பு: பறவைக்கு

கூட்டைப் படம் எடுக்காதீர்கள். இந்த நூலில் நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றைத்தான். தையல்சிட்டு இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்த கூடு உங்கள் கத்தரிச் செடியிலேயே இருக்கலாம். கூடு தெரிய வேண்டும் என்று ஓர் இலையை விலக்கினாலும் வெயில் நேரே குஞ்சின்மேல் விழும், காக்கைக்கும் வழி தெரியும். நீங்கள் அங்கே நிற்கும் நேரமெல்லாம் தாய் இரையை வாயில் வைத்துக்கொண்டு கிட்டே வராமல் தவிக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையின் முட்டையையும் கூட்டையும் சேதப்படுத்துவதையும் கலைப்பதையும் வேட்டையாடுதல் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. கூடு இருப்பது தெரிந்ததும் தட்டையும் குச்சியையும் வேறு பக்கம் மாற்றிவிடுங்கள். குஞ்சுகள் பறந்துபோகும்வரை அந்த மூலைக்கு விடுமுறை.

தரையில் தத்தும் குஞ்சைக் கண்டால் கையில் எடுத்து வைத்துப் படம் பிடிக்காதீர்கள். பெரும்பாலும் அது பறக்கப் பழகும் குஞ்சு, பெற்றோர் பக்கத்திலேயே இருக்கும். பூனை, நாய் வரும் இடமானால் மட்டும் பக்கத்துப் புதரின் மேல் எடுத்து வைத்துவிட்டு விலகுங்கள். இரவில் ஆந்தைமேல் ஃபிளாஷ் அடிக்க வேண்டாம்.

எந்த மாதம் எது

ஜனவரி, பிப்ரவரியில் வலசை வந்த மாங்குயில், பழுப்புக் கீச்சான், அரசவால் ஈப்பிடிப்பான் தோட்டங்களில் தட்டுப்படும். மார்ச் முதல் குண்டுக்கரிச்சான் விடியும் முன்பே உயரமான நுனியில் நின்று பாடும். ஒரே நுனிக்குத் திரும்பத் திரும்ப வரும் என்பதால் காத்திருந்து எடுக்கலாம். கத்திரி வெயிலில் தண்ணீர்த் தட்டை விட்டு நகராதீர்கள். ஜூன், ஜூலையில் வேப்பம்பழம் பழுத்ததும் குயில்களும் மைனாக்களும் சின்னான்களும் மரத்தை மொய்க்கும். பெண் குயிலின் புள்ளி உடம்பை எடுக்க இதைவிட நல்ல நேரம் இல்லை. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மேகமூட்டத்தால் நாள் முழுக்க மிதமான வெளிச்சம், ஐஎஸ்ஓவைக் கூட்டிக்கொண்டு எடுங்கள்.

படத்தை எடுத்த பிறகு

1. அன்றைக்கே பாருங்கள். முதலில் கண்ணை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். கண் கூர்மையாக இல்லையா, அழித்துவிடுங்கள். நல்ல தோரணை என்று தயங்க வேண்டாம்.

2. மிஞ்சியதில் கண்ணில் சின்ன ஒளிப்புள்ளி விழுந்த படங்களைத் தனியே எடுங்கள். பறவைக்கு உயிர் கொடுப்பது அந்தப் புள்ளி.

3. வெட்டிச் சுருக்குவதை மூன்றில் ஒரு பங்குக்குமேல் கொண்டுபோகாதீர்கள். அதற்குமேல் வெட்ட வேண்டியிருந்தால் நாளைக்கு இன்னும் ஒரு மீட்டர் கிட்டே உட்காருங்கள் என்று பொருள். பச்சை நிறத்தைக் கூட்டாதீர்கள், கிளியும் கொய்யா இலையும் ஒரே நிறமாகிவிடும்.

4. கோப்புக்குத் தேதி, ஊர், பறவைப் பெயர் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். தமிழ்ப் பெயர் தெரியாவிட்டால் க. ரத்னம் எழுதிய ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ நூலைப் புரட்டலாம்.

5. நல்ல படங்களை ஈபேர்ட் தளத்தில் பதிவோடு சேர்த்துவையுங்கள். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும், பிப்ரவரியில் நாலு நாள் நடக்கும் வீட்டுத்தோட்டப் பறவைகள் கணக்கெடுப்புக்கும் பதினைந்து நிமிஷம் உங்கள் தோட்டத்திலேயே உட்கார்ந்து எண்ணி அனுப்பலாம். புகைப்படம் இருந்தால் அடையாளத்தில் சந்தேகம் வராது.

6. புள்ளி ஆந்தை பகலில் தங்கும் பொந்து, கிளி குஞ்சு பொரித்த தென்னை இவற்றின் இடத்தை எங்கேயும் வெளியிடாதீர்கள். கிளிக்குஞ்சு பிடித்து விற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போனில் எடுத்த படமானால் அனுப்பும் முன் இருப்பிடக் குறிப்பை நீக்கிவிட்டு, ஊர்ப்பெயரை மட்டும் போடுங்கள்.